நெப்போலியன் காலத்து போலந்து குதிரைப்படை டிரம்பெட்காரங்க யூனிஃபார்ம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன சிப்பாய் பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கிறவங்க, பழைய ராணுவ உடை மேல ஆசை உள்ளவங்க, ஏதோ ஒரு ஓவியத்துல வெள்ளைக் குதிரை மேல வெள்ளைச் சட்டை போட்டு எக்காளம் ஊதுற ஆளைப் பாத்துட்டு "யார்றா இவன்"னு தேடி வந்தவங்க, எல்லாரும் என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

போலந்துன்னு ஒரு நாடே அப்ப இல்லையே, அப்புறம் எப்படி போலந்து குதிரைப்படை?

சரியான கேள்வி, இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் சேந்து போலந்தை மூணு தவணைல பங்கு போட்டு 1795ல மேப்லேர்ந்தே எடுத்துட்டாங்க. ஆனா சண்டை போடத் தெரிஞ்ச ஆளுங்க அங்கயேதான் இருந்தாங்க, அவங்க பிரான்ஸ் பக்கம் போனா நாடு திரும்பக் கிடைக்கும்னு நம்பினாங்க. 1797ல டொம்ப்ரோவ்ஸ்கிங்கிற போலந்து தளபதி இத்தாலில போலந்து லீஜியன்னு ஒரு படை ஆரம்பிச்சார். 1807ல டில்சிட் ஒப்பந்தத்துக்கு அப்புறம் நெப்போலியன் வார்சா டச்சின்னு ஒரு குட்டி நாட்டை உருவாக்கினார்.

அதனால "போலந்து குதிரைப்படை"ன்னு ஒரே பேர்ல சொல்றது உண்மைல மூணு தனித்தனி கூட்டம். ஒண்ணு வார்சா டச்சியோட சொந்த ராணுவம், தளபதி பொனியாடொவ்ஸ்கி தலைமைல. ரெண்டாவது பிரான்ஸ் சம்பளத்துல இருந்த விஸ்டுலா லான்சர்கள், லான்சர்னா ஈட்டி பிடிச்ச குதிரைவீரன். மூணாவது நெப்போலியனோட இம்பீரியல் கார்டுல, அதாவது அவரோட சொந்தக் காவல் படைல இருந்த போலந்து லைட் ஹார்ஸ் ரெஜிமென்ட். டிரம்பெட்காரர் உடை பத்தி கேக்குறப்ப முதல்ல "எந்தக் கூட்டம்"னு சொல்லிடுங்க, இல்லன்னா பதில் மாறிப் போயிடும்.

எல்லாரும் நீலச் சட்டை போடுறப்ப டிரம்பெட்காரருக்கு மட்டும் ஏன் வேற கலர்?

நிறைய பேர் இதை அலங்காரம்னு நினைக்கிறாங்க. அலங்காரமும் இருக்கு, ஆனா முதல் காரணம் வேலை. அந்தக் காலத்து வெடிமருந்து அடர்த்தியா வெள்ளைப் புகை கக்கும், பத்து நிமிஷம் பீரங்கி சுட்டா முன்னாடி நிக்கிறவன் முதுகு கூட தெரியாது. அந்தப் புகைக்குள்ள ஒரு கமாண்டர் தன் ஆளுங்களுக்கு "திரும்பு", "கூடு", "பாய்"னு எப்படி சொல்லுவார்? கத்தினா நூறு குதிரை குளம்புச் சத்தத்துல காது கேக்காது. டிரம்பெட்தான் அவரோட குரல். குரல் எங்க இருக்குன்னு அவருக்கு ஒரே பார்வைல தெரியணும், தலையைத் திருப்பினா கண்ணுல படணும். அதுக்குத்தான் ரெஜிமென்ட் கலரையே தலைகீழாப் போட்ட சட்டை. மத்தவங்களுக்கு நீலத்துல சிவப்புப் பட்டின்னா இவருக்கு சிவப்புல வெள்ளை, இல்ல வெள்ளைல சிவப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கு. தனக்கு எளிசா தெரியுறவன் எதிரிக்கும் எளிசா தெரிவான். டிரம்பெட்காரரை வீழ்த்திட்டா கமாண்டர் ஊமையாயிடுவார். அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு முன் வரிசைக்குப் பக்கத்துல குதிரை ஓட்டினவங்கள்ல சில பேர் சின்னப் பசங்க. பொம்மைக்கு அந்த வெள்ளைக் கலரை வைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இதுதான் மனசுல ஓடும்.

குர்ட்கா, சாப்கான்னு சொல்றாங்களே, அது என்ன?

குர்ட்கான்னா குட்டையான சட்டை, இடுப்போட நிக்கும், பின்னாடி மட்டும் சின்ன வால் மடிஞ்சு இருக்கும். முன்னாடி மார்பு முழுக்க அகலமா ஒரு பட்டி, மேல விரிஞ்சு கீழ குறுகி வரும். அந்தப் பட்டியோட சூட்சுமம் என்னன்னா அது ரெண்டு பக்கமும் மடக்கலாம். பொத்தானைக் கழட்டி ஒரு மடிப்பை மறுபக்கம் இழுத்துப் போட்டா சிவப்பெல்லாம் உள்ள போயிடும், வெளிய சட்டையோட நிறம் மட்டும் தெரியும், ஓரத்துல ஒரு மெல்லிய சிவப்புக் கோடு எட்டிப் பாக்கும். மழைக்கும் தூசிக்கும் அப்படித்தான் மடக்கி வச்சாங்க. தையல் ஓடுற இடமெல்லாம், முதுகுலயும் கையிலயும் கூட, மாற்று நிறத்துல, அதாவது மார்புப் பட்டியோட நிறத்துல, ஒரு கயிறு மாதிரி பைப்பிங் போகும், இதுதான் போலந்து வெட்டுக்கு அடையாளம்.

சாப்கா தலைல வைக்கிறது, மேல சதுரமா இருக்கும். இது 1768ல ரஷ்ய ஆதிக்கத்தை எதிர்த்து பார் நகரத்துல எழுந்த கூட்டத்தார் போட்ட கொன்ஃபெடெராட்கா தொப்பிலேர்ந்து வளந்தது. அந்த நாலு மூலைத் தொப்பியை அப்புறம் பிரெஞ்சு, பிரிட்டிஷ், ஜெர்மன், ரஷ்ய லான்சர்னு ஐரோப்பா பூரா காப்பி அடிச்சாங்க. நாட்டை அழிச்சவங்களே அந்த நாட்டுத் தொப்பியைப் போட்டுக்கிட்டாங்க.

கார்டு ரெஜிமென்ட் டிரம்பெட்காரர் சரியா என்ன போட்டிருந்தார்?

பெரும்பாலானவங்க தேடி வர்றது இதுக்குத்தான். முதல்ல சாதாரண வீரன். அடர் நீல குர்ட்கா, கார்மாஸின்ங்கிற ஒரு வகைச் சிவப்பு நிறத்துல மார்புப் பட்டி, காலர், கைமுனை, வெள்ளிச் சரிகை ஓரம், கார்மாஸின் சாப்கா, அதுல வரிவரியா மடிப்பு, முன்னாடி சூரியக் கதிர் மாதிரி பித்தளைத் தகடு, நடுல வெள்ளி நிறத்துல கிரீடம் வச்ச 'N' எழுத்து, மேல வெள்ளை இறகு. 1807ல நெப்போலியன் உத்தரவுல உருவான ரெஜிமென்ட், தலைவர் வின்சென்டி க்ராஷின்ஸ்கி. ஆரம்பத்துல இவங்ககிட்ட ஈட்டியே கிடையாது, அது 1809ல வாக்ராம் சண்டைக்கு அப்புறம்தான் வந்துச்சு. 1808 நவம்பர் 30ல ஸ்பெயின்ல சொமொசியேரா கணவாய்ல பீரங்கி மேல பாஞ்சு பேர் எடுத்தப்ப கையில வெறும் வாள்தான். பெயிண்ட் அடிக்கிறவங்க நிறைய பேர் சொமொசியேரா வீரனுக்கு ஈட்டி குடுத்துடுறாங்க, வேண்டாம்.

இப்ப டிரம்பெட்காரர். ஆரம்ப வருஷங்கள்ல பெரிய அணிவகுப்புக்கு கார்மாஸின் குர்ட்கா, அதுல வெள்ளை மாற்று நிறம். அப்புறம் மாறி வெள்ளை குர்ட்கா, கார்மாஸின் மார்புப் பட்டி, வெள்ளிச் சரிகை. எல்லா ஓவியத்துலயும் நீங்க பாக்குற அந்தப் பளிச் உருவம் இந்த ரெண்டாவது உடைதான். தினப்படி வேலைக்கு வான நீல குர்ட்கா, கார்மாஸின் பட்டியோட. தோள்ல இருக்குற குஞ்சமும், மார்புல தொங்குற பின்னல் கயிறும் வெள்ளையும் கார்மாஸினும் கலந்து முறுக்கினது. டிரம்பெட்ல கட்டுற கயிறும் அதே மாதிரி கலப்பு. பெரிய நாள்ல டிரம்பெட்ல இருந்து ஒரு சதுரக் கொடித் துணி தொங்கும், ஓரத்துல வெள்ளிக் குஞ்சம் வச்சு, நடுல எம்பிராய்டரி செஞ்சு.

கையில ஈட்டி இருக்காது. ஒரு கையில கடிவாளம், ஒரு கையில டிரம்பெட்னா ஈட்டியை எங்க பிடிக்கிறது? வாளும் பிஸ்டலும்தான்.

இந்த கார்மாஸின் எந்த சிவப்பு? குங்குமச் சிவப்பு அடிக்கலாமா?

அடிக்காதீங்க. இதைச் சரியாப் பிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. போலந்துல இதை கார்மாஸின்னும் அமரன்ட்னும் ரெண்டு விதமா சொல்லுவாங்க, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நிறம். அமரன்ட்ங்கிற பேரு நம்ம தண்டுக்கீரை இனத்துப் பூவோட பேரு. வீட்டு வாசல்ல கோழிக்கொண்டைப் பூ பாத்திருப்பீங்கல்ல, அதுவும் அந்தக் குடும்பம்தான், அந்தப் பூவோட நீலம் லேசா கலந்த சிவப்பு, அதுதான் வேணும். குங்குமம் ஆரஞ்சு பக்கம் சாயும், தப்பு. நம்ம அரக்கு கலர் ரொம்ப பழுப்பு, அதுவும் தப்பு. பீட்ரூட் வெட்டின கத்தில ஒட்டுற சாறு, மாதுளை முத்து, இந்தப் பக்கம் போங்க.

இந்த நிறத்துக்கு ஒரு கதை உண்டு. போலந்து மண்ணுல ஒரு குட்டிச் செடியோட வேர்ல ஒட்டி வளர்ற ஒரு பூச்சியைச் சேத்து காய வச்சு சிவப்புச் சாயம் எடுத்தாங்க, ஜூன் 24 புனித யோவான் நாளை ஒட்டி அறுவடை. அந்தப் பூச்சியால போலந்து மொழில ஜூன் மாசத்துக்கே செர்வியெத்ஸ்னு பேரு, சிவப்புங்கிற சொல்லும் அங்கிருந்துதான். அமெரிக்காலேர்ந்து கோச்சினீல் பூச்சிச் சாயம் வந்த பிறகு இந்தத் தொழில் படுத்துடுச்சு, நெப்போலியன் காலத்துல அதெல்லாம் பழங்கதை. ஆனா நிறத்தோட மதிப்பு போகல. விலை ஒசந்த சிவப்பு உடுத்த முடிஞ்ச பெரிய பிரபுக்களையே கார்மாஸின்னு கூப்பிடுவாங்க. கார்மாஸின்ங்கிற வார்த்தையே அரபியோட கிர்மிஸ் வழியா வந்தது, அதுக்கும் மேல போனா சமஸ்கிருதத்துல புழுலேர்ந்து பிறந்ததுங்கிற பொருள்ல வர்ற சொல். நாம ஆஸ்பத்திரில சொல்ற கிருமிக்கும் அதுதான் வேர்.

நாடு மேப்ல இல்லாதப்ப, பழைய தேசியக் குதிரைப்படையோட நீலமும் கார்மாஸினும் மட்டும் சட்டைல இருந்துச்சு. அதனால இந்தக் கலரை ஏனோதானோன்னு அடிக்கிறது எனக்கு மனசு ஒப்பாது.

வெள்ளைக் குதிரை உண்மையா, இல்ல ஓவியர் கற்பனையா?

உண்மைதான், டிரம்பெட்காரருக்கு வெள்ளை, சாம்பல் குதிரை குடுக்குறது பொதுவா இருந்த வழக்கம், காரணம் மேல சொன்னதே, தூரத்துலேர்ந்து தெரியணும். பிரெஞ்சுப் படைல சேணத்து மேல விரிக்கிற ஆட்டுத்தோல் கூட வீரனுக்கு வெள்ளைன்னா டிரம்பெட்காரருக்குக் கறுப்பு. ஆனா போர் நீண்டு போச்சுன்னா குதிரை கிடைக்கிறதே பெரும்பாடு, 1812ல ரஷ்யாவுல குதிரைங்க கொத்துக் கொத்தா செத்துச்சு, அப்ப யாரும் நிறம் பாத்து ஏறியிருக்க மாட்டாங்க. அணிவகுப்புக்கு வெள்ளை அடிங்க, 1812 குளிர்காலத்துக்கு எது வேணா அடிங்க.

டிரம்பெட்ல என்னதான் ஊதினாங்க?

அந்த டிரம்பெட்ல வால்வ் கிடையாது, வெறும் வளைஞ்ச பித்தளைக் குழாய், வால்வ் எல்லாம் நெப்போலியன் காலம் முடியுற சமயத்துலதான் ஜெர்மனில வருது. அதனால உதட்டு அழுத்தத்தை வச்சு விரல் விட்டு எண்ணுற அளவு சுரம்தான் எடுக்க முடியும். அந்தக் கொஞ்ச சுரத்துல எழுந்திரு, சேணம் கட்டு, ஏறு, நட, ஓட்டு, பாய், கூடுன்னு அத்தனையும் சொல்லணும், கேக்குற வீரனுக்கு முதல் ரெண்டு மூணு சுரத்துலயே புரியணும். பிரெஞ்சுக் குதிரைப்படைக்கு இந்த அழைப்புகளை ஒழுங்கு பண்ணி எழுதினவர் டேவிட் பூல், கார்டுல இருந்த போலந்துக்காரங்களும் பிரெஞ்சு முறைலதான் பழகினாங்க. சேணம் கட்டச் சொல்ற அழைப்புக்கு பூட்-செல்னு பேரு. குதிரைக்கே அது பழகிடும், மனுஷனுக்கு முன்னாடி காதை நிமித்தும்.

ஓடுற குதிரை மேல உக்காந்து ஊதிப் பாருங்க, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பித்தளை வாய் பல்லுல இடிக்கும். இது எவ்வளவு கஷ்டமான தொழில்னு அப்ப தெரியும்.

கெட்டில் டிரம் அடிக்கிறவர் படம் ஒண்ணு பாத்தேன், ராஜா மாதிரி இருந்தார். அது யாரு?

அவரும் அதே கார்டு ரெஜிமென்ட்தான். குதிரையோட ரெண்டு பக்கமும் பெரிய செம்பு முரசு தொங்கும், அதைச் சுத்தி எம்பிராய்டரி துணி. ரெண்டு கையும் குச்சி பிடிச்சிருக்கிறதால கடிவாளத்தைக் கால்ல, அங்கவடியோட சேத்துக் கட்டி, காலாலயே குதிரையைத் திருப்பணும். ஒரு ரெஜிமென்டுக்கு ஒரே ஒருத்தர். சண்டைக்கு இல்ல, பெரிய விழா ஊர்வலத்துக்குத்தான். அதனாலதான் அவர் உடைல ராணுவ ஒழுங்கு எதுவும் இல்லாம, பழைய போலந்து பிரபுக்கள் உடுத்தின கீழை நாட்டுப் பாணி நீள அங்கி, சரிகை, பெரிய இறகுக் கொத்து வச்ச தொப்பின்னு கண்ணைப் பறிக்கும். வீரனுக்கு வெள்ளிச் சரிகைன்னா இவர் மேல தங்கம் கொட்டிக் கிடக்கும்.

இந்த ஜோடி முரசு ஐரோப்பாவுக்குப் போனதே அரபு, துருக்கி நக்காராலேர்ந்து. நம்ம கோயில்ல காளை மேல கட்டி அடிக்கிற நகராவும் அதே பேர்தான், அதே குடும்பம்தான். திருவிழால முன்னாடி காளை மேல நகரா வர்றதைப் பாத்தவங்களுக்கு அந்தப் படம் அந்நியமாவே தெரியாது.

வெள்ளைச் சட்டை டிரம்பெட்காரர் டச்சு ரெட் லான்சர்லயும் இருக்காரே, எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

உலோகத்தைப் பாருங்க. 1810ல கார்டுல சேந்த ரெண்டாவது லான்சர் ரெஜிமென்ட் ஹாலந்துக்காரங்களது, வீரனுக்கு செக்கச் சிவந்த சட்டை, நீல மாற்று நிறம், அவங்க டிரம்பெட்காரருக்கும் வெள்ளை குர்ட்கா உண்டு. ஆனா அவங்க பொத்தானும் சரிகையும் மஞ்சள், தங்கம். போலந்துக்காரங்களுக்கு வெள்ளி, வெள்ளை. அப்புறம் சிவப்பும் வேற, அவங்களது நெருப்புச் சிவப்பு, இவங்களது கோழிக்கொண்டை. இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும், தப்பவே முடியாது. போலந்து வெட்டுச் சட்டையும் சாப்காவும் போட்டிருக்கிறதாலயே ரெட் லான்சரைப் போலந்துக்காரங்கன்னு எழுதிடுறாங்க, உடைதான் போலந்து, ஆள் இல்ல.

வார்சா டச்சி ரெஜிமென்ட்கள்ல?

இங்கதான் தலை சுத்தும். உலான்னு சொல்ற ஈட்டிக்காரங்க நிறைய ரெஜிமென்ட், எல்லாம் அடர் நீலம், காலர், கைமுனை நிறம் மட்டும் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறும். 1, 4, 5 எண்கள் வேட்டைக்காரர்னு பேர் வச்ச லேசான குதிரைப்படை ரெஜிமென்ட், பச்சைச் சட்டை. 10, 13 ஹுஸார்கள், அதாவது மார்புல பின்னல் கயிறு வச்ச சட்டை போட்ட லேசான குதிரைப்படை, மஞ்சள் பின்னல் போட்டதால 10க்குத் தங்க ஹுஸார்னும் வெள்ளைப் பின்னல் போட்டதால 13க்கு வெள்ளி ஹுஸார்னும் பட்டப்பேர். 14 மட்டும் கவசம் போட்ட குயிராசியர். 1810 செப்டம்பர் 3ல ஒரு பெரிய உடை விதி வந்துச்சு, ஆனா டிரம்பெட்காரர் விஷயத்துல கர்னல் கைதான் ஓங்கி இருந்துச்சு. தன் ரெஜிமென்ட் ஊருக்குள்ள நுழையுறப்ப ஜனங்க வாயைப் பொளக்கணும்னு அவர் நினைச்சா டிரம்பெட்காரர் மேலதான் காசைக் கொட்டுவார். அதனால "இந்த ரெஜிமென்டுக்கு இதுதான்"னு ஒரே படத்தை வச்சு யாராவது அடிச்சுச் சொன்னா கொஞ்சம் நிதானமா கேளுங்க, போன வருஷம் ஒரு கர்னல், இந்த வருஷம் வேற கர்னல்.

விஸ்டுலா லான்சர் டிரம்பெட்காரருக்குப் பச்சை சட்டையா?

வருஷத்தைப் பொறுத்தது. விஸ்டுலா லான்சர்னா நீலச் சட்டை, மஞ்சள் மாற்று நிறம். 1811 மே 16ல ஸ்பெயின்ல அல்புவேரால, ஆலங்கட்டி மழைல பிரிட்டிஷ்காரங்க துப்பாக்கி நனைஞ்சு கிடந்த நேரமாப் பாத்து பக்கவாட்டுல பாஞ்சு ஒரு பிரிகேடையே நொறுக்கினது இவங்கதான். அந்த வருஷமே இந்த லான்சர் ரெஜிமென்ட் ரெண்டையும் பிரெஞ்சு லைன்ல, அதாவது கார்டு அல்லாத வழக்கமான படைல, 7, 8ன்னு நம்பர் போட்டு சேத்தாங்க.

பிரெஞ்சு லைன்ல சேந்ததும் 1812 விதி இவங்களுக்கும் பொருந்தும். அந்த விதிப்படி எல்லா ரெஜிமென்ட் டிரம்பெட்காரருக்கும் ஒரே பச்சை சட்டை, அதுல 'N' எழுத்தும் கழுகும் மாறி மாறி வர்ற மாதிரி நெய்த பட்டை. கர்னல்கள் இஷ்டத்துக்குச் செலவு பண்றதை அடக்குறதும் அதுக்கு ஒரு காரணம். ஆனா காகிதத்துல விதி வந்த அன்னிக்கே துணி வந்துடாது, பழைய சட்டை கிழியுற வரைக்கும் ஓடியிருக்கும். அல்புவேராவுக்குப் பச்சை அடிச்சா தப்பு. 1813க்கு அடிச்சா சரி. வார்சா டச்சி ராணுவம் தனி நாட்டு ராணுவம், அவங்களுக்கு இந்தப் பச்சை கிடையாது.

சண்டைலயும் இந்த வெள்ளைச் சட்டைதானா?

பெரும்பாலும் இல்ல. நடைபயணத்துல சாப்காவுக்கு மேல மெழுகுத்துணி உறை, இறகைக் கழட்டிப் பெட்டில வச்சுடுவாங்க, மார்புப் பட்டியை மடக்கிப் பொத்தான் போட்டுடுவாங்க, பொத்தான் வரிசை வச்ச முரட்டுக் கால்சட்டை, உள்காலுக்குத் தோல் ஒட்டு. மழைன்னா மேல பெரிய கோட்டு, அப்ப டிரம்பெட்காரரும் வீரனும் ஒண்ணுதான், தோள்ல தொங்குற பித்தளை மட்டும் வித்தியாசம். வான நீலச் சட்டையைத்தான் களத்துல அதிகம் பாத்திருப்பாங்க. ஆனா பெரிய சண்டைக்கு முன்னாடி நல்ல உடை போட்டுக்கிற பழக்கம் அந்தக் காலத்துல உண்டு, குறிப்பா கார்டுல, அதனால களத்துல வெள்ளைச் சட்டையே கிடையாதுன்னும் சொல்லிட முடியாது.

படத்துக்குப் படம் வேற வேற மாதிரி இருக்கே, எதை நம்புறது?

நாம பாக்குற படங்கள்ல பாதிக்கு மேல நூறு வருஷம் கழிச்சு வரைஞ்சது. யான் ஹெல்மின்ஸ்கி, ப்ரோனிஸ்வாவ் கெம்பஜெவ்ஸ்கி மாதிரி ஆளுங்க உயிரைக் குடுத்து ஆவணங்களைத் தேடினாங்க, கெம்பஜெவ்ஸ்கி வார்சா ராணுவ மியூசியத்தோட முதல் இயக்குநராவும் இருந்தார். அவங்க உழைப்பு இல்லன்னா நமக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது, ரெண்டாம் உலகப் போர்ல வார்சால எரிஞ்சு போனது அவ்வளவு. அதனால அவங்க வரைஞ்சதை மதிச்சு எடுத்துக்கோங்க. ரெண்டு படம் ஒத்துப் போகலன்னா முதல்ல வருஷத்தைப் பாருங்க, அப்புறம் அணிவகுப்பா களமான்னு பாருங்க. பத்துக்கு எட்டுத் தகராறு அங்கயே தீந்துடும்.

நிஜச் சட்டை ஏதாவது மிஞ்சியிருக்கா?

அந்த ரெஜிமென்ட் சட்டைன்னா ஒண்ணைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும், டிரம்பெட்காரர் சட்டை இல்ல, சொமொசியேரால முதல் பாய்ச்சலை நடத்தின யான் கொஜெடுல்ஸ்கியோட குர்ட்கா. 1812 அக்டோபர்ல ரஷ்யாவுல நெப்போலியனைச் சுத்தி கோசாக்குங்கிற ரஷ்யக் குதிரைவீரர்கள் திடீர்னு பாஞ்சப்ப இவர் குறுக்க போய் நின்னு ஈட்டிக் குத்து வாங்கினார். வார்சா ராணுவ மியூசியத்தோட சொத்து அது. நீலத் துணில ஈட்டி துளைச்ச ஓட்டை அப்படியே இருக்கு. பக்கத்துல வச்சு எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க, கம்பளித் துணி எவ்வளவு தடிமன்னு தெரியும், பைப்பிங் எவ்வளவு மெலிசுன்னு தெரியும். நான் பொம்மைல பைப்பிங் கோட்டை இன்னும் மெலிசாக்கினது அதைப் பாத்த பிறகுதான்.

1814க்கு அப்புறம் இவங்க என்ன ஆனாங்க?

நெப்போலியன் பதவி இழந்ததும் பெரும்பாலானவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. சுமார் 100 பேர் மட்டும் யெஜ்மனோவ்ஸ்கி தலைமைல அவரோட எல்பா தீவுக்கே போனாங்க. 1815ல திரும்பி வந்தப்ப ரெட் லான்சர் ரெஜிமென்டோட முதல் ஸ்குவாட்ரனா, அதாவது முதல் பிரிவா, இவங்களைச் சேத்தாங்க. ஆனா சட்டையை மாத்திக்கல. வாட்டர்லூ களத்துல அத்தனை சிவப்புச் சட்டைக்கு நடுவுல அந்த ஒரு ஸ்குவாட்ரன் மட்டும் நீலத்துலயும் கார்மாஸின்லயும் நின்னுச்சு. வாட்டர்லூவுக்கு ரெட் லான்சர் அடிக்கிறவங்க முதல் ஸ்குவாட்ரனுக்கு மட்டும் சிவப்பு டப்பாவை மூடி வச்சுட்டு நீலத்தை எடுங்க, பொத்தானுக்கு வெள்ளி.